அஞ்சாவது வட்டம்

வாங்க கண்ணுகளா, உக்காருங்க. அந்தக் கல்லு மேல மட்டும் வேண்டாம் சாமி, காக்கா இப்பத்தான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்குது.

இந்த அரசமரத்து மேடைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்குது. வடபக்கம் கெழடுக உக்காந்து நாட்டை வாயால திட்டும். தென்பக்கம் எளவட்டம் உக்காந்து நாட்டை விரலால திட்டும். ரெண்டுக்கும் நடுவால போற சாக்கடை ஆறு மாசமா அடைச்சுக் கெடக்குது. அதை மட்டும் ஆரும் திட்டறதில்லை. நம்மூருச் சாக்கடையைத் திட்டுனா எறங்கி அள்ளோணுமே!

எனக்கு எழுபத்தெட்டு வயசு. படிப்பு மூணாங்கிளாசு. அதுவும் எழுத்துக்குப் போகலை, சோத்துக்குப் போனன். 1956ல காமராசரு பள்ளிக்கூடத்துல மதியச் சோறு போட ஆரம்பிச்சாரு. அது வரைக்கும் "எருமை மேய்க்கறவனுக்கு எழுத்தெதுக்கு"ன்னு கேட்ட எங்கய்யன், சோறுன்னு காதுல உழுந்ததும் "ஒரு வேளைத் தீனி மிச்சம், போயிட்டு வரட்டும்"னு தாட்டி உட்டுட்டாரு. பொறவு கவலை ஓட்ட ஆளில்லைன்னு இழுத்துட்டு வந்துட்டாரு. அன்னைக்கு வயித்துக்குப் போட்டதுல கொஞ்சம் ஒழுகி மண்டைக்கும் போயிருச்சு. அந்த மிச்சத்துலதான் உங்களுக்கு நாயம் சொல்றன்.

இன்னொண்ணு. என்ற அண்ணாக்கயித்துல ஒரு சாவிக்கொத்து தொங்கும். மோட்டார் ரூம்புச் சாவி, மஞ்சக் குடோன் சாவி, பொட்டிச் சாவி, இன்னும் ஒண்ணு ரெண்டு. நடந்தா சலங்கையாட்டச் சத்தம் வரும். "அப்பிச்சி வருது, போனை உள்ள வையி"ன்னு பசங்க உசாராகறதே அதுலதான். பூனைக்கு மணி கட்டோணும்பாங்க. இந்தக் கெழட்டுப் பூனை தானே கட்டிக்கிச்சு.

என்ற மகளுக்கு ரெண்டு பிள்ளைக. மூத்தவன் பையன், இருபத்தாறு வயசு. பத்தாவதுல நல்ல மார்க்கு வாங்கிப்போட்டான். அது போதாதா? "நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிக்கூடத்துல தள்ளி உடுங்க, மார்க்கு கொட்டும்"னு ஊரே கூடிப் புத்தி சொல்லுச்சு. அந்தப் பக்கம் கோழிப்பண்ணையும் பேர் போனது, அந்த மாதிரிப் பள்ளிக்கூடமும் பேர் போனது. கோழிக்கு ராத்திரியில லைட்டைப் போட்டு வெச்சாத் தீனி திங்கும். பையனுக்கு லைட்டைப் போட்டு வெச்சாப் பாடத்தைத் திங்கோணும். கோழிக்காச்சும் எடை பாத்து வெலை சொல்லுவாங்க. இங்க நாம வெலையைக் கட்டிப்போட்டு எடைக்குக் காத்திருக்கோணும். ரெண்டு எருமையை வித்துக் கட்டுனோம்.

அங்க பதினொண்ணாவதுப் பாடத்தை நடத்தவே இல்லை. பன்னண்டாவதையே ரெண்டு வருசம் உரல்ல போட்டு இடிச்சாங்க. இந்தக் கூத்தெல்லாம் பாத்துத்தான் 2018ல பதினொண்ணாவதுக்கும் பொதுப்பரிச்சை கொண்டாந்தாங்க. அது புள்ளைகளுக்குப் பாரம்னு 2025ல எடுத்துப்போட்டாங்க. அரசாங்கத்துக் கொள்கைங்கறது எங்கூட்டுக் கெழவி போடற உப்பு மாதிரி. மொதல்ல இல்லைன்னு போடுவா, பொறவு எச்சாயிருச்சுன்னு தண்ணி ஊத்துவா. திங்கறவன்தான் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி மொகத்தைச் சுளிக்கோணும்.

மார்க்கு கொட்டுச்சு. 1,200க்கு 1,100ஐத் தாண்டிட்டான். எஞ்சினியருக்குச் சேத்தோம். கிண்டியில ஒரு காலேஜு இருக்குது, 1794ல சர்வே பள்ளிக்கூடமா ஆரம்பிச்சதாம். இவன் சேந்த காலேஜுக்கு அப்ப ஒன்பது வயசு. அதுக்கு முந்தி அது சோளக்காடு, எனக்கே தெரியும். மொத வருசக் கணக்குல அந்தப் பதினொண்ணாவதுப் பாடம் வாசல்ல வந்து நின்னுருக்குது. இவன் "நீ ஆருப்பா?"ன்னு கேட்டுருக்கான். அது "நான்தான் உங்கப்பிச்சி வித்த ரெண்டாவது எருமை"ன்னு சொல்லிருக்கோணும். அரியர் உழுந்துது.

எப்படியோ 2021ல முடிச்சான். கடைசி வருசம் பூராக் கொரோனா, பாதி எஞ்சின் செல்போனுலயே ஓடுச்சு. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி எடுத்துது. கம்பெனி எடுத்துதுன்னு நாங்க ஊரெல்லாம் தாக்கல் சொன்னோம். அப்பறந்தான் தெரிஞ்சுது, எடுத்தது கம்பெனி இல்லை, நடுவால ஒரு ஏஜென்சி. சம்பளம் பதிமூணாயிரம். ரூம்பு வாடகை, மெஸ்ஸு, பெட்ரோல் போகக் கையில நின்னது பேங்குக் கடனுக்கு வட்டி கட்டக் கூடப் பத்தலை. எட்டு மாசத்துல "ஆர்டர் கம்மி, நாளையிலிருந்து வர வேண்டாம்"னுட்டாங்க. எங்கய்யன் பண்ணயத்தாளை நிறுத்தறதுன்னாக் கூடத் தை நோம்பி முடியட்டும்னு பொறுத்திருப்பாரு.

வந்தவன் மறுநாளே ஒரு கறுப்புப் பேனா வாங்குனான். டிஎன்பிஎஸ்சி குரூப் போர் பரிச்சை எழுதறானாம்.

அன்னைக்கிருந்து அவன் பண்றதையெல்லாம் கெழவனும் கூர்ந்து கவனிச்சிட்டு வாரன். 2022ல எழுதுனான், 2024ல எழுதுனான், 2025 சூலை 12ல எழுதுனான். 2024ல அறிவிப்புல போட்டது 6,244 எடம். பொறவு கூட்டுனாங்கன்னு வெய்யி. மனுப் போட்டவிய 20 லட்சத்துச் சொச்சம். அறிவிப்புக் கணக்குல ஒரு நாற்காலிக்கு முந்நூத்திச் சொச்சம் பேரு. அந்த வேலைக்குக் கேட்ட படிப்பு பத்தாவது. என்ற பேரன் பத்தாவதுக்கு மேல படிச்ச ஆறு வருசத்தையும் திண்ணையில கழட்டி வெச்சுப்போட்டு உள்ள போறான். "செருப்பைத்தான் வெளிய உடுவாங்க, நீ எஞ்சினியரையே வெளிய உட்டுட்டுப் போறயே"ன்னன். சிரிச்சான். அந்தச் சிரிப்பைப் பாத்த பொறவு நான் ரெண்டு நாள் அவனைக் கேலி பண்ணலை.

ஆனா அந்தப் பரிச்சையில எனக்குப் புடிச்ச சமாச்சாரம் ஒண்ணு இருக்குது. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை குடுத்து, 2020லிருந்து அஞ்சாவதா ஒரு வட்டமும் வெச்சிருக்காங்களாம். அதுக்கு அர்த்தம் 'விடை தெரியவில்லை'. தெரியலைன்னா அதைக் கறுக்கோணுமாம். அடேயப்பா! எழுபத்தெட்டு வருசத்துல இந்த மேடையில உக்காந்த ஒரு பய அந்த வட்டத்தைக் கறுத்து நான் பாத்ததில்லை. மழை எப்ப வரும்? தெரியும். மஞ்ச வெலை ஏன் எறங்குச்சு? தெரியும். அமெரிக்காக்காரன் என்ன பண்ணியிருக்கோணும்? நல்லாத் தெரியும். மைக்கைப் புடிக்கறவனுக்கும் அந்த வட்டம் கெடையாது, ஓட்டுக் கேட்டு வாரவனுக்கும் கெடையாது. வேலைக்குக் காத்திருக்கற புள்ளைகளுக்கு மட்டும் அரசாங்கம் அதை அச்சடிச்சுக் குடுத்திருக்குது.

போன வருசம் ஒரு நாள் பேரன் வேகமா வந்தான். "அப்பிச்சி, இதைக் கேளுங்க. ஐஎல்ஓங்கற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில ஒரு ஆராய்ச்சி நிறுவனமும் சேந்து 2024ல ஒரு அறிக்கை உட்டுருக்காங்க. 2022 கணக்குப்படி, எழுதப் படிக்கத் தெரியாத எளவட்டத்துல வேலையில்லாதவன் நூத்துக்கு 3.4. டிகிரி முடிச்சவன்ல 29.1."

நான் மீசையை ஒரு முறுக்கு முறுக்கிட்டு, "அப்ப மூணாங்கிளாசோட நின்னுட்ட நான் மேதை. எங்கய்யன் தீர்க்கதரிசி. பள்ளிக்கூடத்தையெல்லாம் இழுத்துச் சாத்திப்போட்டா நாட்டுல வேலையில்லாத் திண்டாட்டமே தீந்துரும், எழுதிப் போடு டெல்லிக்கு"ன்னன். வடபக்கத்துக் கெழடுகளுக்கு ஒரே சந்தோசம். "அதுதான் நாங்க அப்பவே சொன்னோம்"னு தலையாட்டுச்சுக.

பேத்தி ஒருத்தி இருக்கறா பாருங்க, அவ வாசல்ல நின்னு கேட்டுட்டிருந்தா. "ஏனுங்கப்பிச்சி, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வேலை கெடைச்சுதுன்னா அதுக்கு அர்த்தம்? அவனால ஒரு நாள் சும்மா உக்கார முடியாதுங்க. உக்காந்தா அன்னைக்கு அடுப்பு எரியாது. கெடைச்ச மம்முட்டியைத் தூக்கறான். அண்ணன் சும்மா உக்காந்திருக்கறான்னா, உக்கார வெச்சுச் சோறு போட நீங்க இருக்கறீங்க. வேலையில்லாம இருக்கறதுக்கே ஒரு வசதி வேணுங்க."

தலையாட்டுன கெழடுக தலையை அப்படியே நிறுத்திக்கிச்சுக. நான் முறுக்குன மீசையை எறக்கி உட்டன்.

அவ சொன்னதை ராத்திரி பூரா அசை போட்டன். எங்க காலத்துல படிப்புக்கு ஒரே அர்த்தம், "இந்தக் கவலை ஓட்டற பொழப்பு என்னோட போகட்டும்". கட்டுத்தரையில சாணி அள்ளறப்பவெல்லாம் புள்ளைககிட்ட "படிக்காட்டி இதுதான் கதி"ன்னு மெரட்டி மெரட்டித்தான் வளத்தோம். சாணியையே பூச்சாண்டி ஆக்கிப்போட்டோம். இப்ப அவன் படிச்சுட்டு வந்து நின்னா, "ஏண்டா மம்முட்டி எடுக்க மாட்டீங்கற? எந்த வேலையா இருந்தா என்ன?"ங்கறோம். பூச்சாண்டியைக் கட்டிப் புடிச்சுக்கன்னு சொன்னா எந்தக் கொழந்தை புடிக்கும்?

நம்மூரு அரிசி மில்லுல, தறிப்பட்டறையில பீகார்ப் பையன், ஒடிசாப் பையன் வேலை பாக்கறான். "வடக்கத்தியான் வந்து வேலையையெல்லாம் புடுங்கிட்டான்"னு இதே மேடையில ஒரு பெரிய மனுசன் கொதிச்சாரு. அவரு பட்டறையிலதான் அந்தப் பையனுக அஞ்சு பேரு ஓட்டறாங்க. "அந்தக் கூலிக்கு உம்பட பையனை உக்கார வெய்யி"ன்னன். "அவன் எம்பிஏ"ன்னாரு. சரிதான். ஆயிரம் மைலு ரயிலேறி வந்தவன் நம்மூருத் தறியில நிக்கறான். நம்ம பையன் பதினாலு கிலோமீட்டர் பஸ்ஸேறிப் போயி டவுன் நூலகத்துல உக்காந்து 'தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சி'ங்கற பாடம் படிக்கறான்.

இதுல பொண்ணூட்டுக்காரங்க கதை தனி. பேரனுக்குச் சாதகம் குடுக்கலாம்னு ஒரு எடத்துக்குப் போனோம். "தோட்டம் எத்தனை ஏக்கரா?"ன்னாங்க. "நாலு"ன்னோம். மொகம் மலந்துச்சு. "மாப்ளை விவசாயம் பண்ணுவாருங்களா?"ன்னாங்க. "பண்ணுவான்"னோம். மொகம் சுருங்கிருச்சு. தோட்டம் இருக்கோணும், ஆனாத் தோட்டத்துல மாப்ளை இருக்கப்படாது! "கவர்மெண்டு வேலைன்னாப் பியூனா இருந்தாலும் பரவால்ல"ன்னாங்க. அப்ப அவன் எதுக்கு நாலு வருசமாக் கறுப்புப் பேனாவும் கையுமா இருக்கறான்னு எனக்கு வெளங்கிருச்சு. கொடுமை என்னன்னா, அந்தப் பொண்ணும் வெளிய வந்து "ஆல் த பெஸ்ட்டுங்க"ன்னு சொல்லுச்சு. அதுவும் குரூப் போர் எழுதுதாம்.

சரி, பேத்தி கதைக்கு வாரன். மூத்தவனுக்கு ரெண்டு எருமையை வித்த வூட்டுல, எளையவளுக்கு விக்க எருமை இல்லை. உண்மையைச் சொல்லோணும்னா, விக்கோணுங்கற நெனப்பும் இல்லை. "பொட்டப்புள்ளைக்கு நம்மூருக் கவர்மெண்டு பள்ளிக்கூடம் போதும்"னோம். அங்கதான் ஆண்டவன் குசும்பு பண்ணிப்போட்டான். 2022ல புதுமைப் பெண் திட்டம்னு கொண்டாந்தாங்க. ஆறாவதிலிருந்து பன்னண்டாவது வரைக்கும் கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல படிச்ச பொண்ணு மேல படிச்சா மாசம் 1,000 ரூபா பேங்குல உழுந்துரும். நாங்க கஞ்சத்தனம் பண்ணதுக்கு அவளுக்குச் சம்பளம்! அரசுக் கலைக் கல்லூரியில பி.காம் படிக்கறா. 2021லிருந்து டவுன் பஸ்ஸுல பொம்பளைக்கு டிக்கெட்டும் இல்லை. அண்ணங்காரன் காசு குடுத்து நின்னுட்டுப் போறான், இவ காசில்லாம உக்காந்துட்டுப் போறா.

இது வடபக்கத்துக்குப் பொறுக்குமா? "இலவசம் குடுத்துக் குடுத்து நாட்டையே கெடுத்துப்போட்டாங்க"ன்னு ஒருத்தரு ஆரம்பிச்சாரு. நான் சித்த நேரம் கேட்டுட்டு, "மாமா, மோட்டாரை நிறுத்துனீங்களா? வெடியாலயிருந்து ஓடுதே"ன்னன். "ஓடட்டும், காசா பணமா, இலவச கரண்டுதானே"ன்னாரு. சொல்லி முடிச்சப்பறந்தான் அவருக்கே அது காதுல உழுந்துது. எளவட்டம் அன்னைக்கு உட்ட ரவுசுல அரசமரத்துக் காக்கா பூராப் பறந்துருச்சு. நான் காமராசரு சோத்துல மூணாங்கிளாசு. என்ற மக 1982ல எம்ஜிஆர் கொண்டாந்த சத்துணவுல எட்டாவது. பேத்தி மாசம் ஆயிரத்துல பி.காம். எங்கூட்டு வம்சாவளியே அரசாங்கத்து அடுப்புலதான் வெந்துருக்குது. இதை எந்த மூஞ்சியை வெச்சுட்டு நான் குத்தம் சொல்றது? இந்தியாவுல நூறு எளவட்டம் இருந்தா 28 பேருதான் காலேஜு வாசலை மிதிக்கறாங்களாம், தமிழ்நாட்டுல 47 பேரு. 2021-22 கணக்கு, பேரன் சொன்னான். அந்த 47 பேரையும் வாசல் வரைக்கும் கூட்டியாந்தது சோறும் பஸ்ஸும் சைக்கிளுந்தான். வாசலுக்கு அக்கட்ட போற வழிதான் இன்னும் இட்டேரி மாதிரி இருட்டாக் கெடக்குது.

அந்த இருட்டுல அரசாங்கம் ஒரு விளக்கும் வெச்சிருக்குது, பாத்தீங்களா? வேலைவாய்ப்பு ஆபீசுல பதிஞ்சு அஞ்சு வருசம் காத்திருந்த டிகிரிக்காரனுக்கு மாசம் 600 ரூபா உதவித்தொகை. மூணு வருசத்துக்கு. பேரனைப் போய் வாங்கிட்டு வாடான்னன். எஞ்சினியரு, டாக்டரு மாதிரித் தொழில் படிப்புக்காரங்களுக்கு அது கெடையாதாம். ஏன்னா அவிய சொந்தமாப் பொழைச்சுக்குவாங்களாம்! இதைச் சொல்றப்ப அவன் என்ற பீடியை வாங்கிப் பத்த வெச்சுக்கிட்டான். நானும் தடுக்கலை.

இப்பச் சொல்லப் போறதுதான் சங்கதி. நல்லாக் கேட்டுக்கங்க.

போன சூலையில பரிச்சை முடிஞ்சு வந்து கட்டல்ல படுத்திருந்தான். அவன் மண்டைச் சாடிக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கலாம்னு நான் பேச்சுக் குடுத்தன்.

"ஏங் கண்ணு, பஞ்சாயத்தைப் பத்தியெல்லாம் கேள்வி வருமா?"

"வருங்கப்பிச்சி. 73வது அரசியல் சட்டத் திருத்தம், 1992. நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. பதினொண்ணாவது அட்டவணை, 29 துறை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994." படுத்த வாக்குலயே கொட்டறான், வேர்க்கடலை உதுக்கற மாதிரி.

"ஓட்டுப் போட எத்தனை வயசு?"

"முந்தி 21. 61வது திருத்தத்துல 18 ஆக்குனாங்க, 1989லிருந்து."

"பஞ்சாயத்துல நிக்கறதுக்கு?"

"21."

"உனக்கு எத்தனை?"

"…26."

"சரி, கிராமசபை வருசத்துக்கு எத்தனை?"

"ஆறு. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1."

"நம்மூருல ரெண்டாயிரத்துச் சொச்சம் சனம். கூட்டம் செல்லுபடியாகோணும்னா எத்தனை பேரு வரோணும்?"

"501லிருந்து 3,000 வரைக்கும் சனத்தொகைன்னா 100 பேருங்க." எந்திரிச்சு உக்காந்துட்டான். இந்தக் கெழவனுக்கு இத்தனை ஆசையான்னு அவனுக்கு ஒரே ஆச்சரியம்.

"நீ எத்தனை கூட்டத்துக்குப் போயிருக்கற?"

சத்தமில்லை. நான் குனிஞ்சு அவன் காதுக்கிட்ட, "அஞ்சாவது வட்டமா கண்ணு?"ன்னன்.

கெழவனுக்கு அன்னைக்கு நாக்குல சனி. உடலை. "நீயும் உன்ற கூட்டாளிகளும் தினம் பதினாலு கிலோமீட்டர் போயி டவுன் நூலகத்துல எடம் புடிக்க அடிச்சுக்கறீங்களே, நம்மூருல நூலகம் இருக்குதா?"

"இருக்குதுங்க. அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், 2006ல ஆரம்பிச்சது. ஊராட்சிக்கு ஒரு நூலகம்." அதையும் கேள்வியாவே படிச்சு வெச்சிருக்கறான்! நம்மூரு நூலகத்துக்கும் அவன் தலையில ஒரு மார்க்குதான்.

"அது ஏன் பூட்டிக் கெடக்குது?"

"தெரியலைங்க."

"சாவி ஆருகிட்ட இருக்குது?"

"தெரியலைங்க."

"இது ரெண்டும் டிஎன்பிஎஸ்சியில வராது. அதனால ஆருக்கும் தெரியாது. 29 துறைன்னு சொன்னயே, அதுல நூலகம் வருதா?"

கண்ணை மூடி எண்ணுனான். "வருதுங்க."

"அப்பப் போயிக் கேட்டுட்டு வாயேன். கிராமசபைன்னா அதுக்குத்தான்னு நீதான் எழுதி மார்க்கு வாங்கற."

ஆகஸ்ட் 15 வந்துது. அண்ணனும் தங்கச்சியும், கூட நாலு பசங்களும் போனாங்க. நானும் மெதுவாச் சாவிச் சத்தம் வராம இடுப்பை அமுக்கிப் புடிச்சுட்டுப் போயிப் பின்னால உக்காந்தன். தலைவர் நாற்காலி காலி. 2025 சனவரியோட பதவிக்காலம் முடிஞ்சு, நம்ம மாவட்டம் மாதிரிப் பல மாவட்டத்துல பஞ்சாயத்தெல்லாம் தனி அலுவலர் கையில போயிருச்சே. கொடியேத்தி முட்டாயி குடுத்தாங்க. நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைகதான் பாதிக் கூட்டம். நோட்டுல கையெழுத்து வாங்குறதுக்குள்ள ஒருத்தி "அடுப்புல சோறு கெடக்குது சாமி, எங்க போடறதுன்னு சொல்லு"ங்கறா. நூறு தேறுச்சு. குடியாச்சி நூறு கையெழுத்துல நடக்குது கண்ணுகளா, அதுல தொண்ணூறு சோறு அடுப்புல கெடக்குது.

வரவு செலவு படிச்சாங்க. என்ற பேரன் எந்திரிச்சான். காலு நடுங்குது, நான் பாத்தன். மூணு மணி நேரத்துல 200 கேள்விக்கு விடை சொல்றவனுக்கு ஒரு கேள்வி கேக்க நாக்கு ஒட்டிக்கிச்சு. "நூலகம் ஏன் பூட்டிக் கெடக்குதுங்க?"ன்னுட்டான் ஒரு வழியா.

எழுத்தரு ஏட்டைப் பொரட்டுனாரு. "அது எனக்கு முந்தி இருந்தவரு காலத்துலங்க. எழுதிக் குடுங்க, பாக்கலாம்." இந்தப் 'பாக்கலாம்' இருக்குதே, அது நம்ம ஊருச் சாக்கடை அடைப்பு மாதிரி. அங்க போயி நின்னா எதுவும் நகராது.

பேத்தி எந்திரிச்சா. "எழுதியே கொண்டாந்துட்டமுங்க. தீர்மானத்துல ஏத்துங்க. இல்லாட்டித் தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டிக் கேக்கறமுங்க, 30 நாள்ல நீங்க பதில் சொல்லோணும்." அண்ணங்காரன் பழக்க தோசத்துல மெதுவா "2005"ன்னான்.

எழுத்தரு பேனாவைத் தொறந்தாரு. தீர்மானம் ஏறுச்சு. "சரி, சாவி ஆருகிட்ட?"ன்னாரு. பழைய தலைவரு "நூலகருகிட்ட இருந்துது"ன்னாரு. நூலகரு எப்பவோ நின்னுட்டாரு. வார்டு மெம்பரா இருந்தவரு "தண்ணி உடற ஆளுகிட்ட"ன்னாரு. தண்ணி உடற ஆளு தலையைச் சொறிஞ்சுட்டு ஒரு தடவை பின்னால திரும்பிப் பாத்தான். ஒருத்தரு பின்னால ஒருத்தராக் கூட்டமே திரும்புச்சு.

நான் இடுப்பை அமுக்கிட்டிருந்த கையை எடுத்தன். சலங்கைச் சத்தம் கேட்டுது.

ஆமாங் கண்ணுகளா. நூலகத்துக்குப் பக்கத்துக் காடு என்றது. நூலகரு நின்னப்ப, "சித்த நாளைக்கு வெச்சிருங்க"ன்னு சாவியை என்ற கையில குடுத்தாங்க. ஒரு மழைக்காலத்துல ரெண்டு மூட்டை கடலக்காயி நனையாம இருக்கட்டும்னு உள்ள வெச்சன், அதுவே வருசா வருசம் வழக்கமாச்சு. பொறவு பழைய மோட்டார். அப்பறம் ஒரு கட்டலு. பதினோரு வருசம் ஆயிப்போச்சு. இத்தனை வருசத்துல இந்த ஊருல பத்து எஞ்சினியரு, நாலு எம்பிஏ, ரெண்டு வக்கீலு படிச்சு வந்தாங்க. ஒருத்தரு கேட்டிருந்தாக் குடுத்திருப்பன்.

பேரன் வந்து எதுக்க நின்னான். மொகம் செவந்துருச்சு. "ஏனுங்கப்பிச்சி, நீங்களாக் குடுத்திருக்கலாமில்லைங்க?"

அதுக்கு என்கிட்ட விடை இல்லை. ஆரும் கேக்கலைங்கறது திருடனுஞ் சொல்ற விடைதான். கட்டல்ல இருந்தவனைக் கெளப்பி உட்டது நான்தான்னும் சொல்லிக்கலாம். அப்ப மாட்டிக்கோணும்னு நெனச்சனா, இவன் கேக்க மாட்டான்னு நெனச்சனா? அஞ்சாவது வட்டத்தைக் கறுத்துக்கறன். எழுதிக்கங்க, இந்த மேடையில அதைக் கறுத்த மொதக் கெழவன் நான்.

மறுநாள் அவனுகளே வந்து கடலக்காயி மூட்டையைத் தூக்கி என்ற வாசல்ல போட்டாங்க. சும்மா போடலை, "பதினோரு வருச வாடகை"ன்னு ஒரு மூட்டையைப் பிரிச்சு வறுத்துத் தின்னுட்டுத்தான் போனாங்க. இப்ப வெடியால ஏழு மணிக்குப் பன்னண்டு பேரு அங்க உக்காந்து படிக்கறாங்க. டவுனுக்குப் போற பஸ்ஸு காசு மிச்சம். குரூப் போர் கெடைக்குமா? முந்நூத்திச் சொச்சத்துல ஒருத்தனுக்குக் கெடைக்கும். மத்தவிய என்ன பண்றதுன்னு என்கிட்ட விடை இல்லை, ஆனாக் கேள்வி கேக்கறதுக்கு ஒரு எடமும் ஆறு நாளும் இருக்குதுன்னு பன்னண்டு பேருக்குத் தெரிஞ்சிருச்சு. அடுத்ததாச் சாக்கடையைக் கேக்கறாங்களாம். அதை அடைச்சிருக்கறது ஆரு ஊட்டுத் திண்ணைன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டன். கேட்டுக் கண்டுபுடிக்கட்டும்.

நூலகச் சாவி இப்பப் பேத்திகிட்ட இருக்குது. நல்ல புள்ளைதான், பத்தரமா வெச்சிருப்பா. இருந்தாலும் கண்ணுகளா, அப்பப்ப அவகிட்டயும் ஆராச்சும் கேட்டுக்கிட்டே இருங்க.